படை கடல் தாண்டினால் ராணுவத்தின் மீதான நம்பிக்கை என்ன ஆகிறது? அளந்து பார்க்கும் முறை

வெளிநாட்டுக்குப் போன படை திரும்பி வந்ததும் இரண்டு விதமான தலைப்புகள் வரும். ஒன்று, 'ராணுவத்தின் மீது மக்கள் நம்பிக்கை சரிந்தது'. இன்னொன்று, 'என்ன நடந்தாலும் மக்கள் ராணுவத்தின் பக்கம்'. இரண்டுக்கும் கீழே ஒரு சதவீதம் இருக்கும். அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது, மேலே இருக்கும் தலைப்பை அது தாங்குமா என்று பார்ப்பதுதான் வேலை. இதழியல் மாணவர்கள், ஆய்வேடு எழுதுகிறவர்கள், கருத்துக்கணிப்புக்குக் களம் இறங்குகிறவர்கள் என மூன்று தரப்புக்கும் இதே முறைதான். ஒரு எக்செல் தாள், பழைய கணிப்புகளின் அட்டவணைகள், சம்பவங்களின் தேதிகள் இருந்தால் தொடங்கிவிடலாம். வர்க்கமூலம் போடத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் கணக்கு கிடையாது.

முதலில் கேள்வியை மூன்றாக உடையுங்கள்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ராணுவம் என்ற அமைப்பை நம்புகிறீர்களா என்பது ஒரு கேள்வி. அந்தக் குறிப்பிட்ட நாட்டுக்குப் படை அனுப்பியது சரியா என்பது வேறு. அனுப்பிய அரசு நம்மிடம் உண்மை பேசியதா என்பது மூன்றாவது. ஒரே ஆள் மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்வார், அதில் முரண்பாடே இருக்காது.

பிரிட்டனில் வூட்டன் பாசெட் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த வீரர்களின் உடல்கள் 2007 முதல் 2011 வரை பக்கத்து லைனம் விமானத் தளத்தில் இறங்கி, அந்த ஊர்க் கடைத்தெரு வழியாகப் போயின. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. முன்னாள் வீரர்கள் சிலர் தெருவோரம் நின்று சல்யூட் அடித்தார்கள். அப்புறம் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பிறகு வெளியூரிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 167 ஊர்வலங்களில் 345 உடல்கள். அதே ஆண்டுகளில்தான் அந்த நாடு ஈராக் போர் தப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சாலையோரம் தலைகுனிந்து நின்ற கூட்டத்தில் போரை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஈராக் பற்றிய சில்காட் விசாரணை அறிக்கை 2016 ஜூலையில் வந்தபோதும் அடி விழுந்தது முதலில் போரை நடத்திய டோனி பிளேர் அரசின் மீதுதான்.

ஜெர்மனியில் இந்தப் பிளவைக் கணிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். போட்ஸ்டாமில் உள்ள ராணுவ வரலாறு மற்றும் சமூக அறிவியல் மையம் ஆண்டுதோறும் நடத்தும் கணிப்பில், ராணுவத்தைப் பற்றிய எண்ணம் தனியாகவும், ஒவ்வொரு வெளிநாட்டுப் பணிக்கான ஆதரவு தனியாகவும், அந்தப் பணியைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது தனியாகவும் வரும். ராணுவத்தைப் பற்றிய எண்ணம் நன்றாக இருக்கும்போதே ஆப்கன் பணிக்கான ஆதரவு கீழே கிடந்ததை இப்படிப் பிரித்துக் கேட்டதால்தான் பார்க்க முடிந்தது. குடியரசுத் தலைவராக இருந்த ஹோர்ஸ்ட் கோலர் 2005இல் இந்த மனநிலைக்கு ஒரு பெயர் வைத்தார்: 'நட்பான அக்கறையின்மை'. ராணுவம் நல்லதுதான், ஆனால் அது எங்கே போய் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. உயரமான நம்பிக்கைச் சதவீதத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தாளில் முதல் மூன்று நெடுவரிசைகளை இப்படிப் போடுங்கள்: அமைப்பு, பணி, அரசு. கையில் கிடைத்த ஒவ்வொரு சதவீதத்தையும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போட வேண்டும். எதில் போடுவது என்று தெரியாவிட்டால் கேள்வியின் மூல வாசகத்தைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த எண்ணைத் தூக்கிவிடுங்கள்.

'நம்பிக்கை' என்ற சொல்லில் இருக்கும் பள்ளம்

தமிழில் கேள்வி அமைக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. கடவுள் நம்பிக்கையும் நம்பிக்கைதான், நாளை விடியும் என்பதும் நம்பிக்கைதான், கடன் கொடுத்தவன் வைப்பதும் நம்பிக்கைதான். 'உங்களுக்கு ராணுவத்தின் மீது நம்பிக்கை இருக்கிறதா?' என்று கேட்டால் ஒருவர் 'ராணுவம் ஜெயிக்கும்' என்ற பொருளிலும், இன்னொருவர் 'ராணுவம் தப்பு செய்யாது' என்ற பொருளிலும், மூன்றாமவர் 'நான் தேசத்துரோகி இல்லை' என்ற பொருளிலும் ஆமாம் என்பார். மூன்று ஆமாம்களையும் கூட்டினால் வருவது எதற்கும் உதவாத எண்.

இதைச் சரிசெய்ய, கேள்வியை வேலையோடு கட்டிப்போடுங்கள்:

'வெளிநாட்டில் நம் படை என்ன செய்தது என்பதை ராணுவம் மக்களிடம் உள்ளபடி சொல்லும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்?'

'நம் வீரர் ஒருவர் அந்நாட்டுப் பொதுமக்களில் ஒருவரைக் கொன்றால், ராணுவம் முறையாக விசாரிக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்?'

'கொடுத்த வேலையை முடிக்கும் திறமை நம் ராணுவத்துக்கு எவ்வளவு இருக்கிறது?'

திறமை, நேர்மை, பொறுப்பு ஆகிய மூன்றும் இப்படித் தனித்தனியாக வந்துவிடும். வெளிநாட்டுப் பணி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தொடும். மொத்தமாகக் கேட்டால் அந்த அசைவு மற்ற இரண்டுக்குள் புதைந்துபோகும்.

விடைகளுக்கு நான்கு படி வையுங்கள்: 'மிக அதிகம்', 'அதிகம்', 'குறைவு', 'இல்லவே இல்லை'. நடுவில் 'ஓரளவு' என்று ஒன்றை வைத்தால் பாதிப்பேர் அதில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நம் ஊரில் 'ஓரளவு' என்பது கருத்தைவிட மரியாதைக்குத்தான் அதிகம் பயன்படும். 'சொல்ல விரும்பவில்லை' என்பதைத் தனியாகக் குறியுங்கள், ஆனால் வாய்விட்டு வாசிக்காதீர்கள். 'தெரியாது' என்பதோடு அதைச் சேர்க்கவும் கூடாது. ராணுவம் நிற்கும் ஊர்களில் 'சொல்ல விரும்பவில்லை' என்பதே கிடைத்ததில் உண்மையான பதிலாக இருக்கலாம்.

ஊர்ச்சொல்லையும் கவனியுங்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் 'மிலிட்டரி' என்றால் உடனே புரியும், பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரர் நினைவுக்கு வருவார். யாழ்ப்பாணத்தில் 'ஆமி' என்றால் நினைவுக்கு வருவது வேறு. அங்கே எந்த ஆமி என்று சொல்லாமல் கேட்கவே முடியாது, ஏனென்றால் வயதானவர்களுக்கு 1987இல் வந்திறங்கிய 'இந்தியன் ஆமி' என்ற தனி நினைவு உண்டு.

பயமோ கூச்சமோ இருக்கும் இடத்தில் நேராகக் கேட்காமல் பட்டியல் முறையில் கேட்கலாம். மாதிரியை, அதாவது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஆட்களை, சீட்டுக் குலுக்கல்போல இரண்டாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு நான்கு வாக்கியங்கள் ('ரேஷன் கடைக்காரரை நம்புகிறேன்' போன்றவை), இன்னொரு குழுவுக்கு அதே நான்கோடு ஐந்தாவதாக 'ராணுவத்தை நம்புகிறேன்'. எவற்றை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், எத்தனையை என்று மட்டும் கேளுங்கள். முதல் குழுவின் சராசரி 2.1, இரண்டாவதன் சராசரி 2.5 என்று வைத்துக்கொண்டால், ராணுவத்தை நம்புகிறவர்கள் சுமார் 40 சதவீதம். இதே ஊரில் நேரடியாகக் கேட்டபோது 65 வந்திருந்தால் நடுவில் இருக்கும் 25 புள்ளிதான் கூச்சத்தின் அளவு. இந்த முறைக்கு ஆள் அதிகம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழுவுக்கு 500 பேர் என்றால் பிழை, அதாவது உண்மை எண்ணிலிருந்து விலகக்கூடிய அளவு, கூட்டல் கழித்தல் 12 புள்ளி வரை போகும். குழுவுக்கு 2,000 பேர் இருந்தால்தான் 6க்கு இறங்கும். 300 பேரிடம் பட்டியல் முறை நடத்துவது வெட்டி வேலை.

இரண்டு எண்கள் உண்மையிலேயே வேறானவையா?

1,000 பேர் கொண்ட நல்ல மாதிரியில் பிழை கூட்டல் கழித்தல் 3.1 புள்ளி. எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஆனால் போன ஆண்டுக் கணிப்பையும் இந்த ஆண்டுக் கணிப்பையும் ஒப்பிடும்போது இரண்டு பிழைகளும் சேரும். 3.1ஐ 1.41ஆல் (2இன் வர்க்கமூலம்) பெருக்குங்கள், 4.4 வரும். அதற்குக் குறைவான இறக்கத்தைச் 'சரிவு' என்று எழுதாதீர்கள். தெருத்தெருவாகக் கொத்துக்கொத்தாக எடுத்த மாதிரி என்றால் இன்னும் 20 சதவீதம் கூட்டி 5.3 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உட்குழுவுக்குள் போனால் இது பயங்கரமாகும். 300 பேர் கொண்ட உட்குழுவில் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட 8 புள்ளி வித்தியாசம் வேண்டும். 'இளைஞர்களிடம் 5 புள்ளி சரிவு' என்ற செய்திகளில் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன.

தொடரை எடுத்து, தேதிகளை அதன் மேல் வையுங்கள்

ஒரே கேள்வி, ஒரே விடைப் படிகள், ஒரே முறை, பல ஆண்டுகள். இதுதான் தொடர். அமெரிக்காவின் கேலப் நிறுவனம் 1975 முதல் ராணுவத்தைப் பற்றிக் கேட்டுவருகிறது, 'மிக அதிகம்', 'அதிகம்' என்ற இரண்டையும் கூட்டித்தான் அதன் சதவீதம் வரும். பழகிப்பார்க்க இதைவிட நல்ல தொடர் இல்லை.

முதலில் வியட்நாம். தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்து போர் முடிந்த 1975இல் 58 சதவீதம். எல்லோரும் அதுதான் அடிமட்டம் என்று நினைப்பார்கள். தொடரைப் பார்த்தால் அடிமட்டம் 1981, 50 சதவீதம். போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து. நடுவில் 1980 ஏப்ரலில் ஈரானில் பணயக்கைதிகளை மீட்கப் போய்ப் பாலைவனத்திலேயே விமானமும் ஹெலிகாப்டரும் மோதி எட்டுப் பேர் இறந்தது நடந்தது. கட்டாயச் சேர்ப்பு 1973இல் நின்றபின் வந்த ஆட்களின் தரத்தைப் பற்றிய புகார்களும் அந்த ஆண்டுகளில்தான். 'வியட்நாம் நம்பிக்கையைக் கெடுத்தது' என்ற ஒற்றை வரி இந்தத் தொடரில் நிற்காது.

அடுத்தது வளைகுடாப் போர். 1990 ஆகஸ்டில் 68. போர் நின்ற அந்த வாரத்தில், 1991 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் எடுத்த கணிப்பில் 85. அதே ஆண்டு அக்டோபரில் 69. ஏழே மாதத்தில் பொங்கியது அடங்கிவிட்டது. மார்ச் எண்ணை மட்டும் எடுத்தவர் 'வெற்றி நம்பிக்கையை உயர்த்தியது' என்று எழுதுவார். அக்டோபர் எண்ணை மட்டும் எடுத்தவர் 'ஒன்றும் மாறவில்லை' என்று எழுதுவார். எனவே ஒரு சம்பவத்தின் விளைவைச் சொல்ல, அதற்கு முன்னால் குறைந்தது இரண்டு கணிப்பும் பின்னால் இரண்டு கணிப்பும் வேண்டும். பின்னால் வருவதில் ஒன்றாவது ஆறு மாதம் தாண்டியதாக இருக்கட்டும்.

ஈராக்கிலும் இதே பாடம். 2003இல் 82, நிலைமை படுமோசமாக இருந்த 2007இல் 69, 2009இல் மறுபடி 82. போர் நியாயமா என்ற கேள்விக்குப் பதில் இதற்குள் நல்லதாக மாறிவிடவில்லை. ராணுவத்தின் எண் மட்டும் ஏறியது.

காபூல்: ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்களும் ஏராளமான ஆப்கானியர்களும் இறந்தார்கள். நான்கு நாளில் படை வெளியேறியது. 'காபூல் அமெரிக்க ராணுவத்தின் பெயரைக் கெடுத்தது' என்பது அதன்பின் வந்த பொதுக் கருத்து. சரிதானா?

கேலப்பின் ஆண்டுக் கணிப்பு கோடையில் நடக்கும். 2021இன் கணிப்பு ஜூன் மாதத்திலும் ஜூலை முதல் வாரத்திலும் எடுத்தது, அதாவது காபூலுக்கு முன்பு. அதில் 69. 2022 ஜூனில் 64. இறக்கம் 5 புள்ளி. நாம் போட்ட 4.4 வரம்பைத் தாண்டுகிறது, ஆகவே ஏதோ நடந்திருக்கிறது. பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள்.

அடுத்து, வெளிநாட்டுக்கே போகாத அமைப்புகளைப் பாருங்கள். அதே இரண்டு ஆண்டுகளில் போலீஸ் 51இலிருந்து 45. மருத்துவத் துறை 44இலிருந்து 38. தேவாலயங்கள் 37இலிருந்து 31. கேலப் தொடர்ந்து கேட்கும் எல்லா அமைப்புகளின் சராசரி 33இலிருந்து 27. எல்லாமே 6 புள்ளி! ஆஸ்பத்திரிகள் காபூலுக்குப் படை அனுப்பவில்லை. ராணுவத்தின் 5 புள்ளியில் மற்றவற்றின் 6 புள்ளியைக் கழித்தால் காபூலுக்கென்று மிச்சம் எதுவுமே இல்லை. (சராசரியை இழுத்ததில் அதிபர் பதவிக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் சராசரியோடு நிற்காமல் போலீஸ், மருத்துவம் என்று தனித்தனியாகவும் பார்த்தோம்.)

இப்போது எதிர்த்தரப்பு. அமெரிக்காவின் ரீகன் அறக்கட்டளை நடத்தும் பாதுகாப்புக் கணிப்பில் 2021 பிப்ரவரியில் 56, நவம்பரில் 45. ஒன்பது மாதத்தில் 11 புள்ளி, நடுவே காபூல். கேலப்போடு இது மோதுவதுபோலத் தெரியும். இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, இந்த எண் 'மிக அதிகம்' என்று சொன்னவர்கள் மட்டும். 'மிக அதிகம்' என்பதிலிருந்து 'அதிகம்' என்பதற்கு ஒரு படி இறங்கியவர் ரீகன் எண்ணிலிருந்து மறைந்துவிடுவார், கேலப் எண்ணில் அப்படியே இருப்பார். இரண்டு, இதே ரீகன் கணிப்பில் 2018இல் 70. அதாவது 2018இலிருந்து 2021 பிப்ரவரிக்குள்ளேயே 14 புள்ளி போய்விட்டது, காபூலுக்கு முன்பே. அப்போதைய உள்நாட்டுக் கட்சிச் சண்டைகளில் ராணுவத்தை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக இந்தக் கணக்கிலிருந்து எழுதக்கூடிய வாக்கியம் இது: 'அமெரிக்க ராணுவத்தின் மீதான உறுதியான நம்பிக்கை 2018 முதலே தேய்ந்துவந்தது. காபூலுக்குப் பின் அந்தத் தேய்வு தொடர்ந்தது. மற்ற அமைப்புகளும் அதே காலத்தில் இறங்கியதால் காபூலின் பங்கைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை.' தலைப்புக்கு ஏறாத வாக்கியம்தான். ஆனால் யாரும் வந்து உடைக்க முடியாது.

கட்சிவாரிப் பிரிப்பையும் விட்டுவிடாதீர்கள். கேலப்பில் குடியரசுக் கட்சிக்காரர்களிடம் 2020இல் 91 ஆக இருந்த எண் 2023இல் 68 ஆனது. நடுவில் அதிபரும் மாறினார். தன் கட்சி ஆளும்போது ராணுவம் நல்லது, எதிர்க்கட்சி ஆளும்போது சந்தேகம் என்ற பழக்கம் எங்கும் உண்டு. படை போன தேதியும் ஆட்சி மாறிய தேதியும் அருகருகே இருந்தால், ஆளும் கட்சி ஆதரவாளர்களையும் எதிர்க்கட்சி ஆதரவாளர்களையும் தனித்தனிக் கோடாக வரையுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பணியின் விளைவாக இருக்கலாம். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் அது தேர்தல்.

மூன்று தேதி அட்டவணை

படை போனதாலோ வீரர்கள் இறந்ததாலோ மட்டும் நம்பிக்கை உடைந்துபோவது அபூர்வம். நடந்ததை மறைத்து, மறைத்தது வெளியே வரும்போதுதான் சேதம். ஆகவே ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு தேதி போதாது, மூன்று வேண்டும்: நடந்த நாள், வெளியே தெரிந்த நாள், அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட நாள். முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும், அந்த இடைவெளியில் ராணுவம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். கணிப்பு எண்ணைப் பொருத்த வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது தேதியோடு.

காபூலில் 2021 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பொதுமக்கள் இறந்தார்கள். தீவிரவாதியைத் தாக்கியதாகவே முதலில் சொன்னார்கள். பத்திரிகைகள் காட்சிகளை வைத்து நிரூபித்தபின் செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். இடைவெளி 19 நாள், அதிலும் வாயைத் திறக்க வைத்தது வெளியார்.

ஜெர்மனி, ஆப்கானிஸ்தானின் குண்டூஸ். 2009 செப்டம்பர் 4 அன்று ஜெர்மன் கர்னல் ஒருவர் கேட்டதன் பேரில், தாலிபான் கடத்திய இரண்டு எரிபொருள் லாரிகள் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. எரிபொருள் எடுக்கக் கூடியிருந்த கிராமத்தார் பலர் செத்தார்கள். பொதுமக்கள் சாகவில்லை என்பதுதான் பாதுகாப்பு அமைச்சர் யுங்கின் முதல் பேச்சு. நவம்பர் கடைசியில் உள் அறிக்கை வெளியே வந்ததும் தலைமைத் தளபதியின் பதவி போனது, அதற்குள் வேறு துறைக்கு மாறியிருந்த யுங்கும் விலகினார். இரண்டு தேதிகளுக்கும் நடுவில், செப்டம்பர் 27 அன்று, பொதுத்தேர்தல் ஒன்று முடிந்திருந்தது. மூன்று தேதிகளையும் வரிசையாகப் போட்டால்தான் இது கண்ணில் படும்.

கனடா, சோமாலியா. 1993 மார்ச்சில் பெலெட் ஹுவென் முகாமில் 16 வயதுச் சிறுவன் ஒருவனை வான்வழிப் படைப்பிரிவின் வீரர்கள் அடித்தே கொன்றார்கள். வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது, படைப்பிரிவு அப்படியே இருந்தது. 1995 ஜனவரியில் அந்தப் பிரிவின் ஆட்கள் இருக்கும் வீடியோக்கள் தொலைக்காட்சியில் ஓடின. மார்ச்சுக்குள் படைப்பிரிவையே கலைத்துவிட்டார்கள். கொலை நடந்து இரண்டு ஆண்டு கழித்து, கண்ணால் பார்த்த பிறகு. பிறகு நடந்த விசாரணையில் ஆவணங்களைத் திருத்தியது வெளிவர, 1996 அக்டோபரில் தலைமைத் தளபதி பதவி விலகினார்.

ஸ்பெயின் விஷயத்தில் எதிரியே கிடையாது. 2003 மே 26 அன்று ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 62 வீரர்கள், வாடகைக்கு எடுத்த யாக்-42 விமானம் துருக்கியில் மலையில் மோதியதால் இறந்தார்கள். அவசர அவசரமாக அடையாளம் கண்டதில் 30 உடல்கள் தவறான குடும்பங்களிடம் போயின. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ட்ரில்லோ, பின்னாளில் கிடைத்த தூதர் பதவியிலிருந்து விலகியது 2017இல். இறந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தச் சம்பவம் அகப்படவே அகப்படாது, ஏனென்றால் அது 'போர்ச் சாவு' பட்டியலிலேயே வராது.

ஜப்பானில் ஒரு சொல்தான் பிரச்சினை. தெற்கு சூடானின் ஜூபாவில் 2016 ஜூலையில் துப்பாக்கிச் சூடு வலுத்தபோது, அங்கிருந்த ஜப்பானியப் பொறியாளர் படையின் தினசரிக் குறிப்பில் 'சண்டை' என்று எழுதியிருந்தார்கள். சண்டை நிறுத்தம் இருக்கும் இடத்துக்கு மட்டுமே படை போகலாம் என்பது ஜப்பானின் விதி, ஆகவே அரசு அந்தச் சொல்லை ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. தகவல் கேட்டவருக்குக் குறிப்புகள் அழிக்கப்பட்டுவிட்டதாகப் பதில் போனது. அப்புறம் அவை கிடைத்தன. 2017 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சர் இனாடா பதவி விலகினார். ஆனால் 2018இல் அமைச்சரவை அலுவலகம் எடுத்த கணிப்பில் தற்காப்புப் படை (ஜப்பானிய ராணுவத்தின் பெயர்) பற்றி நல்லெண்ணம் உள்ளவர்கள் இன்னமும் 90 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். சேதம் எந்த நெடுவரிசையில் விழுந்தது என்று பாருங்கள்: அரசு. அமைப்பு ஏறக்குறைய தப்பித்துவிட்டது, அதற்குப் பெரிய காரணம் 2011 நிலநடுக்கத்தின்போது மக்கள் கண்முன்னே அந்தப் படை செய்த மீட்பு வேலை. வெளிநாட்டுப் பணியை மட்டும் தனியாகப் பார்த்தால் இந்தச் சேமிப்பு தெரியாது. எந்த நாட்டைப் பார்த்தாலும் உள்ளூரில் அந்த ராணுவத்தை மக்கள் கடைசியாக எப்போது, எதற்காகப் பார்த்தார்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்: வெள்ளத்திலா, ஊரடங்கிலா, கலவரத்திலா.

சராசரி யாரை மறைக்கிறது?

இந்திய அமைதிப் படை இதற்கு நம் வீட்டு உதாரணம். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் இறங்கியபோது யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10 அளவில் புலிகளோடு போர். அக்டோபர் 21 அன்று, தீபாவளி நாளில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். மூன்றே மாதத்துக்குள் மாலை போட்ட மக்களிடம் அந்தப் படையின் பெயர் போய்விட்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து திரும்பிய படை அது. டெல்லியில் முதல்வர் போகாததைப் பார்த்த பார்வை வேறு, மதுரையில் பார்த்த பார்வை வேறு.

'இந்திய ராணுவத்தின் மீது இந்திய மக்களின் நம்பிக்கை' என்று ஒரே எண்ணை எடுத்தால் இந்த வித்தியாசம் கரைந்துவிடும். இப்படிப்பட்ட இடங்களில் குறைந்தது மூன்று மக்கள் தொகுதிகளைப் பிரியுங்கள்: படை அனுப்பிய நாடு மொத்தம், அந்த நாட்டுக்குள் போன இடத்தோடு உறவுள்ளவர்கள், போன இடத்தின் மக்கள். கணிப்பு கிடைக்காத காலத்துக்குச் சட்டமன்ற விவாதக் குறிப்புகள், அன்றைய நாளிதழ்களின் ஆசிரியர் கடிதங்கள், நினைவிடத்தில் ஆண்டுதோறும் யார் மலர் வைக்கிறார்கள் என்பது போன்றவற்றை எடுக்கலாம். அவற்றிலிருந்து சதவீதம் செய்ய முயலாதீர்கள், ஏறியதா இறங்கியதா என்று மட்டும் சொல்லுங்கள்.

செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதும் இதோடு சேர்ந்தது. 2007 நவம்பரில் ஹைட்டியில் ஐ.நா. பணியிலிருந்த இலங்கை வீரர்களில் 108 பேர் பாலியல் சுரண்டல் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த நேரம் உள்நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. இப்படி உள்ளூர்ச் செய்தி ஒன்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் நம்பிக்கை எண் அசையவில்லை என்றால், 'மக்கள் மன்னித்தார்கள்' என்று எழுதக்கூடாது. 'இதைக் கேள்விப்பட்டீர்களா?' என்று முதலில் கேட்டு, கேள்விப்பட்டவர்களின் பதிலை மட்டும் தனியாக எடுங்கள். இலங்கையில் சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் என்று பிரிக்காத ராணுவ நம்பிக்கை எண் எதுவாக இருந்தாலும் அதை எடுத்துக்காட்டாதீர்கள்.

ஆள் சேர்ப்பு எண்ணை நம்பலாமா?

கொஞ்சம்தான். அமெரிக்கத் தரைப்படை 2022 நிதியாண்டில் 60,000 பேர் இலக்கில் 15,000 குறைவாகச் சேர்த்தது. உடனே காபூலோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆண்டு வெளியே வேலை தாராளமாகக் கிடைத்தது, உடல் எடை, படிப்பு, குற்றப் பதிவு என்று தகுதி பெறாத இளைஞர்கள் மிகப் பெரும்பான்மை. அதே ராணுவம் இரண்டே ஆண்டில் இலக்கை எட்டிவிட்டது, இலக்கையும் 55,000 ஆகக் குறைத்திருந்தார்கள். ஆள் சேர்ப்பைப் பயன்படுத்தினால் வேலையின்மை விகிதத்தையும் இலக்கு மாறியதா என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். நம்பிக்கை உள்ளவர் எல்லாம் பிள்ளையை அனுப்ப மாட்டார். 'உங்கள் மகன் சேர விரும்பினால் சரி என்பீர்களா?' என்ற கேள்வி அதைவிட நன்றாக வேலை செய்யும்.

எழுதும்போது

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் இவை இருக்க வேண்டும்: கேள்வியின் முழு வாசகம், எந்தெந்த விடைகளைக் கூட்டினீர்கள், களப்பணி தொடங்கிய நாளும் முடிந்த நாளும், எத்தனை பேர், நேரிலா போனிலா இணையத்திலா. நேரில் எடுத்த கணிப்பையும் இணையத்தில் எடுத்ததையும் ஒரே கோட்டில் இணைக்காதீர்கள். முறை மாறிய ஆண்டில் கோட்டை வெட்டி விடுங்கள். மேலே சொன்ன ஜப்பானிய அமைச்சரவை அலுவலகத்தின் தொடரே 2022இல் நேர்முகத்திலிருந்து தபாலுக்கு மாறியது. வெட்டாமல் வரைந்தால், முறை மாறியது கருத்து மாறியதுபோலத் தெரியலாம். வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஆளிடம் சொல்வதும், தனியாக உட்கார்ந்து தாளில் குறித்துத் தபாலில் போடுவதும் ஒன்றல்ல.